டெம்பரரி கேப் போட்டிருக்கிறதா? ஈறு ஓரத்தில் பிளேக் சேராமல் பார்த்துக்கொள்ளும் முறை

ரூட் கெனால் முடிந்து, பல்லைச் சீவி, அளவெடுத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. நிரந்தர கேப் (பல்லை மூடும் உறை) வரும்வரை டாக்டர் ஒரு டெம்பரரி கேப்பை ஒட்டி அனுப்புவார். "கழன்றுவிடும், ஜாக்கிரதை" என்று அவர் சொன்னதும் பலர் அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே நிறுத்திவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. மென்மையான பிரஷ் பட்டுக் கேப் கழல்வது அரிது. ஒட்டும் பண்டம் இழுத்துக் கழல்வதுதான் அதிகம்.

இந்தக் கேப் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பிஸ்-அக்ரில் என்ற பிளாஸ்டிக். பீங்கான் கேப்பின் வழவழப்பு இதற்கு வராது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், ஓரமும் பல்லோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகப்போக பிளேக், அதாவது பல்லில் ஒட்டிப் படியும் கிருமிப் படலம், பிடிப்பதும் கூடும். பிளேக் சேர்ந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். நிரந்தர கேப் ஒட்டும் நாளில் ஓரம் உலர்ந்திருக்க வேண்டும். இரத்தம் கசிந்தால் சிமென்ட் சரியாகப் பிடிக்காது, டாக்டர் தேதியைத் தள்ளிவைக்கவும் கூடும்.

முதல் படி: நாற்காலியை விட்டு எழும் முன்

கேப்பின் ஓரத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மரப்பு ஊசி போட்டிருந்தாலும் நாக்கு நுனிக்கு ஓரளவு தெரியும். சொரசொரப்பாகவோ விளிம்பு துருத்திக்கொண்டோ இருந்தால் உடனே சொல்லுங்கள். பியூமிஸ் தூளும் பாலிஷ் பேஸ்ட்டும் வைத்துச் சில நிமிடங்களில் வழவழப்பாக்கிவிடலாம். வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் இந்த வேலைக்கு ஈடாகாது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டாம் படி: பிரஷ்

தலைப்பகுதி சிறியதாக, "சாஃப்ட்" என்று போட்ட பிரஷ் போதும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. கரித்தூள், பல்பொடி, உப்புக்கல் வேண்டாம். அவை பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலில் மறுபடி பிளேக் குடியேறும்.

பிரஷ் முடிகள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 பாகை சாய்த்து வையுங்கள். அழுத்தாமல், இடம் மாற்றாமல், பத்துப் பதினைந்து முறை சின்னச் சின்னதாக அசைத்த பிறகு பல்லின் கடிக்கும் பக்கம் நோக்கி உருட்டி எடுங்கள். வெளிப்பக்கத்தைப் போலவே உள்பக்கத்தையும், நாக்கை ஒட்டிய ஓரத்தையும் செய்ய வேண்டும். அதிகம் விட்டுப்போவது அந்த இடம்தான். காலையிலும் இரவிலும், முழு வாய்க்கும் இரண்டு நிமிடம்.

முதல் சில நாள் இரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள். வீங்கிய ஈறு சுத்தமாக ஆக ஆகத்தான் கசிவு குறையும். ஒரு வாரமாகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: ஃப்ளாஸ் நூல்

தேய்ப்பதைவிட இதில்தான் கவனம் வேண்டும். 40-45 செ.மீ. நூலை இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடையில் ஓரிரு அங்குலம் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல மெல்ல பல்லிடுக்கில் இறக்குங்கள். கேப்பை அணைத்தாற்போல வளைத்து, ஈறு ஓரத்தில் மேலும் கீழும் நாலைந்து முறை தடவுங்கள்.

வெளியே எடுக்கும்போது, வந்த வழியே வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கேப்பும் சேர்ந்து வந்துவிடும். ஒரு கையின் நூலை விட்டுவிட்டு, கன்னத்துப் பக்கமாக உருவி எடுங்கள். ஒரே இடத்தில் நூல் ஒவ்வொரு முறையும் பிய்ந்து வந்தால் அங்கே சிமென்ட்டோ கேப் விளிம்போ துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது டாக்டர் சரிசெய்ய வேண்டியது.

நான்காம் படி: கொப்பளிப்பு

சாப்பிட்டதும் வெறும் தண்ணீர் போதும். ஈறு வலித்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு. 0.2 சதவீத க்ளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்து டாக்டர் சொன்னால் மட்டும்: 10 மி.லி., ஒரு நிமிடம், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் இந்த மருந்தின் வீரியம் குறையும். அரை மணி இடைவெளி விடுங்கள். ஏற்காட்டுக் காப்பி இல்லாமல் பொழுது விடியாதவர்கள் கவனிக்க: இந்த மருந்தும் காப்பியும் சேர்ந்தால் கேப் பழுப்பேறும்.

சாப்பாட்டில்

கடலை மிட்டாய், சூயிங்கம், பற்களில் அப்பிக்கொள்ளும் ஜவ்வரிசிப் பண்டங்கள் வேண்டாம். தட்டுவடை செட்டை (தட்டைகளுக்கு நடுவே பீட்ரூட் துருவல் வைத்த சேலத்துத் தீனி) விட மனசு வராதவர்கள் மறுபக்கத்தால் கடியுங்கள். கடினத் தட்டையால் கேப் விரிசல் விடலாம், பீட்ரூட் துருவல் அக்ரிலிக்கில் கறை விடும்.

கேப் ஆடினாலோ கழன்றாலோ ஃபெவிக்விக் வகைப் பசை எதையும் போடாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்து, அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கேப் இல்லாமல் நாள் கடந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, வரப்போகும் கேப் பொருந்தாமல் போகலாம். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்து டாக்டரிடம் வருவது சிரமம்தான். அதனால் கேப் லேசாக ஆடத் தொடங்கும்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.