சப்பாத்துக்குள் வன்னி மாரி

2008 நவம்பரில் நிஷா புயலின் மழை வடக்கே வன்னியில் கொட்டியபோது நான் இலங்கை இராணுவத்தில் இளம் சிப்பாய். சண்டையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் நாளின் பெரும்பகுதி பதுங்குகுழியில் நீர் இறைப்பதிலும், காவல் நிற்பதிலும், சோறும் பருப்பும் வரக் காத்திருப்பதிலுமே போனது. கழற்ற நேரமில்லாத சப்பாத்துக்குள் பாதம் வெளுத்துச் சுருங்கி, அடியெடுத்து வைத்தால் உயிர் போகும். பவுடர் தந்தார்கள், ஈரத்தில் போட்டால் களியாகிவிடும்.

லீவில் மலைநாட்டிலுள்ள எங்கள் ஊர் வெலிமடைக்கு வந்தேன். உம்மா என் காலைப் பார்த்துவிட்டு வாப்பாவைத் திட்டினார். (அவர் என்ன செய்தார், பாவம்!) மழைக்காலம் முழுவதும் உருளைக்கிழங்குப் பாத்தியில் நிற்கும் வாப்பா சொன்னது இவ்வளவுதான்: "மருந்து இருக்கட்டும் மகன், முதலில் காலைக் காய விடு."

திரும்பிப் போனதும் அதையே செய்தேன். ஒரு சோடி காலுறை காலில். அலசிப் பிழிந்த மற்றது சட்டைக்குள், வயிற்றோடு. உடற்சூட்டில் காய்ந்துவிடும், வாடையைத்தான் பொறுக்க வேண்டும். காவல் மாறும்போது சப்பாத்தைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கு உலரும்வரை காற்றுப்பட விடுவேன். பவுடரும் காய்ந்த காலுறையும் அதன் பிறகுதான். நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது. மரத்த தோல் சூடு தெரியாமலே வெந்துவிடும். கயிற்றையும் தளர்த்தியே கட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வெறுங்காலோடு இருக்க முடியாது அல்லவா? பக்கத்துக் குழிச் சிங்களப் பையனும் நானும் முறை வைத்துக்கொண்டோம்.

பாதம் வெளுப்பது நிற்கவில்லை, ஆனால் நொண்டாமல் நடந்தேன். அவனுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் இருந்ததால், தனியாகக் களிம்பு தேவைப்பட்டது.