தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? முதல் மலைப் பயணத்தை ஹந்தானையில் தொடங்குங்கள்

வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைப் போட்டு, "இந்த ஞாயிறு எல்ல போலாமா?" என்று கேட்பார்கள். அந்தப் பாலம் இருக்கும் எல்ல என்ற மலையூருக்குப் போகலாம், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் காலை ரயில் ஏறினால் எல்லவில் இறங்கும்போதே பொழுது சாயத் தொடங்கியிருக்கும். சிவனொளிபாதமலை இன்னும் பெரிய வேலை. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரைதான் அதற்குப் பருவம். ஏறுவதும் பெரும்பாலும் இரவில். திங்கட்கிழமை வகுப்பில் கண் திறந்து உட்கார வேண்டுமென்றால் கண்டிக்குப் போங்கள். ஊருக்கு மேலேயே ஹந்தானை மலைத்தொடர் நிற்கிறது. காலையில் மலை, மதியத்துக்கு மேல் ஊர், இரவு கொழும்பு.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தங்கியிருப்பவர்கள் கரையோர ரயிலிலோ காலி வீதியில் வரும் 100, 101 பஸ்ஸிலோ கோட்டைக்கு வந்துவிடலாம். கண்டி ரயிலில் இன்டர்சிட்டிக்கு முன்பதிவு உண்டு. பத்துப் பேர் சேர்ந்து போவதென்றால் முன்கூட்டியே இருக்கை பிடித்துவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து. போகும்போது வலப்பக்க ஜன்னல்தான் நல்லது. ரம்புக்கனை தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பிக்கும். கீழே பள்ளத்தாக்கு விரியும், தூரத்தில் தட்டையான தலையோடு பத்தலேகல மலை தெரியும். 1867இல் போட்டு முடித்த பாதை இது. வாசலில் தொங்கிப் படம் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வழியில் சுரங்கங்கள் இருக்கின்றன, பாறை கையெட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குழுவின் பெரியவர் கொஞ்சம் கறாராக இருக்கட்டும்.

பெரிய மழை பெய்த வாரம் என்றால் மண்சரிவால் ரயில் நின்றிருக்கலாம். முதல் நாளே விசாரித்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கண்டி மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், வாதமே வேண்டாம். ரயில் மட்டும்தான் பிரச்சினை என்றால் புறக்கோட்டையில் 1ஆம் இலக்க கண்டி பஸ் இருக்கிறது. அதில் ஒரு லாபமும் உண்டு: கடுகண்ணாவையில் பழைய சாலை பாறையைக் குடைந்து போகும் இடத்தைப் பார்க்கலாம்.

சாப்பாட்டைக் கையிலேயே கொண்டுபோங்கள். இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டினால் காலைக்குப் போதும். சொதி வேண்டாம், பையெல்லாம் ஆகிவிடும். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது இங்கே சாதாரணம். "மாசி இல்லாததா?" என்று கேட்டே வாங்குங்கள். ரயிலில் விற்கும் வடையிலும் மேலே இறால் உட்கார்ந்திருக்கும்.

கண்டியில் இறங்கியதும் நேராக மலைக்குத்தான், ஊர் அப்புறம். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். மொட்டைப் புல்மேட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஏறுங்கள். ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து (ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள், அல்லது பிக்மீ ஆப்பில் கூப்பிடுங்கள்) தேயிலை அருங்காட்சியகம் வரை போய், அங்கிருந்து நடக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கமிருந்தும் ஏறுவார்கள். வழி தெரிந்த பேராதனை மாணவர் யாராவது கூட வந்தால் மட்டும் அந்தப் பாதை. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார். எல்லாப் புல்வெளிப் பாதையும் ஒன்று போலவே இருக்கும். பனி வந்தால் நின்றுவிடுங்கள், பிரிய வேண்டாம்.

அட்டை கடிக்கும். ஈரமான புல்லில் ஒரு நூல் துண்டு எழுந்து நின்று ஆடுவது போலத் தெரிந்தால் அதுதான். நீளக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகி, காலில் சித்தாலேப தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். உப்போ தைலமோ வைத்தால் தானாக விழும். விழுந்த பிறகும் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது குளவிக்கு. தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி செய்தியில் வரும். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டு அலறவிட்டு நடக்காதீர்கள்.

வழியில் லயங்கள் வரும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே இருப்பவர்கள் நம் மொழிதான் பேசுவார்கள். அவர்களுடைய முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைக்கும் வந்தவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள். வழி கேட்டால் கூடவே கொஞ்ச தூரம் வந்து காட்டுவார்கள். "அக்கா, இந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டுவிட்டே தோட்டத்துக்குள் கால் வையுங்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடை குறைந்தால் சம்பளம் குறையும் வேலை அது. நம் செல்ஃபிக்காக அவர்கள் நிற்க வேண்டியதில்லை.

இறங்கும்போது தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், பழைய இயந்திரங்கள், மேல்மாடியில் தேநீர். ரயில் கண்டிக்கு வந்த அதே 1867இல்தான் இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார்.

ஊருக்குள் புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மலையேறிய அரைக்கால்சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள், ஒரு வேட்டி பையில் இருக்கட்டும். கடவுச்சீட்டைக் காட்டி சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கான கட்டணம் கேளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இங்கே அவமரியாதை. போயா நாளில் கூட்டம் நெரியும், அன்று போகாமலிருப்பதே நல்லது.

அருகிலிருக்கும் ஏரியை வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ராஜ்யம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அவனை வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். வேலூர்க்காரர்கள் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைக் கடந்து போயிருப்பீர்கள், அங்கே இருப்பது இவனுடைய சமாதிதான்.

ஞாயிறு மாலை கண்டியிலிருந்து எல்லாரும் கொழும்புக்குத் திரும்புவார்கள். ரயில் டிக்கெட் இல்லாவிட்டால் கொழும்பு ஏசி பஸ்ஸுக்கு வரிசை நீளும் முன்பே, ஐந்து மணிக்குள், போய் நின்றுவிடுங்கள். யாருக்காவது அடிபட்டால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், போலீஸ் 119. இரண்டையும் புறப்படும் முன்பே எல்லாருடைய போனிலும் ஏற்றிவிடுங்கள். மேலே சில இடங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அப்போது எண் தேடிக்கொண்டிருக்க முடியாது.