ஈமக்குழி நெல்மணிக்குப் பெயர் வைக்குமுன்

இலங்கையின் மாத்தளைப் பக்கம் கற்பதுக்கை (கற்பலகைகளால் அமைத்த பழைய ஈமக்குழி) தோண்ட வரும் புதியவர்கள் பை இலக்கம் எழுதுவதில் தவறுவதில்லை. தவறுவது வேறு இடங்களில்.

பெரிய கண் அரிதட்டு

குழி மண்ணை நீரில் கரைக்கும்போது கருகிய விதைகளோடு மிதந்து வரும் கரியை 1 மி.மீ. அரிதட்டில் பிடித்தால் குரக்கனும் களைவிதைகளும் ஓடிவிடும். 0.3 மி.மீ. வேண்டும். களிமண் கட்டியைக் கையால் நசுக்காமல், அப்பச்சோடா கரைத்த நீரில் ஊறவிடுங்கள்.

உருண்டையாக இருந்தால் சம்பாவா?

இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். கருகிய மணி குட்டையாக, பருத்து இருக்கும். கீரிச்சம்பாவும் குட்டை மணி நெல் ரகம். உடனே “கீரிச்சம்பா மாதிரி” என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீட்டு அறிக்கைக்குள் போய், “பண்டைய சம்பா” என்று செய்தியாகி, பிறகு எவராலும் திருப்பி எடுக்க முடியாததாகிவிடுகிறது.

நெருப்பில் மணியின் நீளம் சுருங்கும், அகலம் ஊதும். எவ்வளவு என்பது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உமி இருந்ததா என்பதையும் பொறுத்தது. ஆகவே நீள அகல விகிதம் குறைந்து, நீள நெல்லும் உருண்டை நெல்லாகத் தெரியும். பால் பிடிக்காத மணியோ மெலிந்து எதிர்ப்பக்கம் ஏமாற்றும். சந்தேகமிருந்தால் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், கீரிச்சம்பா ஆகிய நெல் ரகங்களின் மணிகளை அளந்து, அலுமினியத் தாளில் சுற்றி, மணலில் புதைத்து, 250 பாகை செல்சியசில் சில மணிநேரம் கருக்கி, மறுபடி அளந்து பாருங்கள். மூன்றின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கக்கூடும்.

நெல்மணி காம்பிலிருந்து பிரிந்த இடத்து வடுவைப் பாருங்கள். காட்டுநெல் தானாக உதிரும். வடு வழவழப்பாக இருக்கும். பயிர்நெல்லைக் கதிரடித்துப் பிரிக்க வேண்டும். வடு பிய்ந்து கரடாக இருக்கும். ஒரு வடு போதாது, பல வேண்டும். அதுவும் பயிரா காடா என்றுதான் சொல்லும், ரகத்தைச் சொல்லாது. சீட்டில் “நெல், பயிரினம்” என்று மட்டும் எழுதுங்கள்.

கருகாத விதை

மலையக மழையில், வேரும் எறும்பும் துளைத்த மண்ணில், கருகாத விதை பெரும்பாலும் நேற்று வந்தது. எந்த மணியின் காலம் தெரிய வேண்டுமோ, காலக்கணிப்புக்கு அந்த மணியையே கொடுங்கள், பக்கத்துக் கரியை அல்ல.

வெயிலில் காயவைத்தல்

கரி வெடிக்கும். நிழலில் வையுங்கள்.

மரபணு

கருகிய மணிக்கு மரபணுச் சோதனை பெரும்பாலும் வீண் செலவு.

குழியில் கிடந்ததெல்லாம் படையல் அல்ல

குழியை மூடிய மண் பழைய குடியிருப்புக் குப்பையோடு வந்திருக்கலாம். குழியில் வைத்த கலத்துள் ஒன்று, மூடுகல்லடியில் ஒன்று, குழிக்கு வெளியே ஒன்று என மண்ணைத் தனித்தனிப் பையில் எடுங்கள். கலத்து மண்ணை முழுதாகவும், மற்றவற்றில் 10 முதல் 20 லீற்றர் வரையும் எடுங்கள். வெளிமண்ணிலும் அதே தானியம் அதே அளவில் இருந்தால், படையல் என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.