இடைக்காலம் எதுவரை? தஞ்சை வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

பெரிய கோயில் நந்தியைப் படம் எடுத்துக் கீழே 'ராஜராஜன் காலம், 1010' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். கோயில் 1010இல் முடிந்தது, சரி. ஆனால் அந்த நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னிதி பாண்டியர் கட்டியது. திருச்சுற்றின் தென்மேற்கு மூலைக்குப் போனால் 1803இல் மராத்திய மன்னர் சரபோஜி வெட்டவைத்த மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. ஒரே மதிலுக்குள் எண்ணூறு ஆண்டு! இதில் இடைக்காலம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய இடைக்காலத்தின் தொடக்கமும் முடிவுமாகப் பள்ளியில் படித்த 476ஐயும் 1453ஐயும் இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். மேற்கு ரோமின் கடைசி மன்னன் பதவியிழந்ததும், கான்ஸ்டான்டினோப்பிள் விழுந்ததும் காவிரிக்கரையில் எதையும் மாற்றவில்லை. ஐரோப்பாவிலேயே முடிவாக, கொலம்பஸ் அமெரிக்கா போன 1492ஐச் சொல்பவர்கள் உண்டு.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில் 1817இல் இந்திய வரலாற்றுக்குப் போட்ட இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்ற பாகுபாடும் இங்கே பொருந்தாது. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை தமிழகத்துக்கு வந்து திரும்பியது. பின்னாளில் தஞ்சையை விஜயநகரமும் நாயக்கரும் மராத்தியரும் ஆண்டார்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நாசூக்கானது. 850 வாக்கில் சோழன் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததும் இடைக்காலம் தொடங்கி, 1279இல் சோழர் போனதும் முடிந்துவிட்டதாக எண்ணுவது. அரசன் மாறினால் வாய்க்கால் பாசனமும் கோயில் நிலமும் மறுநாளே மாறிவிடுமா? பிரமதேயமும் (பிராமணருக்குக் கொடையாகத் தந்த ஊர்) அதை நிர்வகித்த சபையும் பல்லவர் காலத்திலேயே உண்டு. அதனால்தான் நிலக்கொடையையும் பக்தி இயக்கத்தையும் வைத்துப் பார்ப்பவர்கள் 6ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். முடிவும் அப்படித்தான். 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை எழும்பியபோது தஞ்சையில் ரகுநாத நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். கடல் வணிகத்தைப் பார்ப்பவருக்கு அது நவீனத்தின் வாசல். கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவருக்கு இடைக்காலத்தின் தொடர்ச்சி. எதை அளக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அப்புறம், பெயர்க் குழப்பம். சில நூல்களில் விஜயாலயன் முதல் 1070 வரை 'இடைக்காலச் சோழர்', முதலாம் குலோத்துங்கன் முதல் 'பிற்காலச் சோழர்'. வேறு சிலவற்றில் சங்க காலத்தவர் 'முற்காலச் சோழர்', விஜயாலயன் வழியினர் எல்லோருமே 'பிற்காலச் சோழர்'. ராஜராஜன் ஒன்றில் இப்படி, இன்னொன்றில் அப்படி, ஆள் ஒருவர்தான். குறிப்பெடுக்கும்போது பெயருக்குப் பக்கத்திலேயே ஆட்சி ஆண்டை 985–1014 என்று போட்டுக்கொள்ளுங்கள், தேர்வு நேரத்தில் தலை சுற்றாது.