பைன் ஊசியிலைக்குள் வாழும் பூஞ்சைகளைப் பிரித்தெடுக்கும் முறை

பச்சைப் பசேலென்று நிற்கும் பைன் மரத்தின் ஊசியிலைக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. எந்த நோய்க்குறியும் காட்டாமல் திசுவுக்குள் வாழும் இவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்கிறோம். இவற்றுள் சில, காலம் வரும்வரை அடங்கிக் கிடக்கும் நோய்க்கிருமிகள். வறட்சியாலோ ஆலங்கட்டி மழையாலோ மரம் தளர்ந்ததும் டிப்ளோடியா சபினியா என்னும் பூஞ்சை தலைதூக்குவது இப்படித்தான். ஆகவே நலமான மரத்தையும் நோயுற்ற மரத்தையும் ஒப்பிடுவோர், பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எந்தப் பூஞ்சை, எவ்வளவு, இலையின் எந்தப் பகுதியில் என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் இலை சேகரிப்பு. பைன் இலைகளுக்குப் பூஞ்சை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் வித்துகளால் தொற்றுவதால், இளந்தளிரில் குறைவாகவும் முதிர்ந்த இலையில் மிகுதியாகவும் காணப்படும். இரு மரங்களிலும் ஒரே ஆண்டில் தோன்றிய இலைகளை, ஏறத்தாழ ஒரே உயரத்தில் பறித்துக் காகித உறையில் இடுங்கள். நோயுற்ற இலையில், காய்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டுப் பச்சையும் பழுப்பும் சந்திக்கும் விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். செத்த திசுவில், இறந்தவற்றை உண்டு வாழும் மட்குண்ணிகள் முந்திக்கொண்டிருக்கும். டோதிஸ்ட்ரோமா என்னும் நோய்ப் பூஞ்சை தாக்கிய இலையை லென்ஸில் பார்த்தால், அடிப்பகுதி பச்சையாக இருக்க, நடுவே செங்கல் நிறப் பட்டை குறுக்காக ஓடுவதும் அதில் கரும்புள்ளிகள் புடைத்திருப்பதும் தெரியும்.

அடுத்தது வளர்ப்பு ஊடகம். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் மால்ட் சாறும் 15 கிராம் அகாரும் கலந்து, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கலத்தில்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, 50 டிகிரி அளவுக்கு ஆறியபின் பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்துத் தட்டுகளில் ஊற்றுங்கள்.

முழுச் சோதனையும் நிற்பதும் விழுவதும் மேற்பரப்புக் கிருமிநீக்கத்தில்தான். இலையை வெட்டிய பிறகு மருந்தில் நனைத்தால், வெட்டுவாய் வழியே மருந்து உள்ளே ஏறி நாம் தேடும் பூஞ்சையையே கொன்றுவிடும். எனவே அடியுறையை மட்டும் நீக்கி, முழு இலையாகவே நனையுங்கள். 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் மூன்று நிமிடம், மீண்டும் எத்தனாலில் அரை நிமிடம், பின் கிருமிநீக்கிய நீரில் மூன்று முறை அலசல். மெழுகுப் பூச்சில் நீர் முத்து முத்தாக உருண்டோடும். முதல் எத்தனால் குளியல்தான் அடுத்த கரைசலை இலையில் படிய வைக்கிறது. (எத்தனாலில் தோய்த்த இடுக்கியைத் தீயில் காட்டும்போது எத்தனால் குவளையைத் தள்ளி வையுங்கள்.)

அலசிய இலையை ஒரு தனித் தட்டின் அகார் மேல் மெல்ல அழுத்தி எடுத்துவிடுங்கள். அந்தத் தடத்தில் ஏதேனும் முளைத்தால், அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டும். ஒருமுறை நேரமில்லை என்று நான் இதைத் தவிர்த்தேன். இலையின் மேல் ஒட்டியிருந்த கிளாடோஸ்போரியம் என்னும் பூஞ்சையை ஒரு மாதம் உள்வாழ் பூஞ்சையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு இரு முனைகளையும் நறுக்கி எறிந்து, எஞ்சியதை 5 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, அடியிலிருந்து நுனிவரை வரிசை மாறாமல், தட்டுக்கு ஆறாக அடுக்கி மூடுங்கள். 20 டிகிரியில் குறைந்தது நான்கு வாரம் வைத்திருங்கள். முதல் வாரத்தில் பாய்ந்து வளர்பவை மெதுவானவற்றை மூடிவிடுமாதலால், ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து, வெளிவரும் இழையின் நுனியைப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

40 துண்டுகளில் 26-இல் பூஞ்சை வந்தால் குடியேற்ற விகிதம் 65 சதவீதம். வித்து தராமல் வெறும் வெண்ணிழையாகவே நிற்பவற்றை அடையாளம் காண பூஞ்சை இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியை வரிசைப்படுத்த வேண்டியிருக்கும். துரு நோய்ப் பூஞ்சைகளோ உயிருள்ள திசுவை நம்பியவை. இந்தத் தட்டில் அவை முளைக்கமாட்டா.

லோஃபோடெர்மியம் என்னும் பூஞ்சைப் பேரினம் கிடைத்தால், அதை நோய்க்கிருமி என்று முடிவுகட்டாமல் இனப்பெயர் தெரியும்வரை பொறுத்திருங்கள். அதில் பினாஸ்ட்ரி என்ற இனம் பொதுவாகச் சாதுவானது. இலை முதிர்ந்து உதிர்ந்த பிறகே கரிய நீள்வட்டக் கனியுடல்களைத் தள்ளும், இடையிடையே குறுக்குக் கருங்கோடுகளும் இருக்கும். செடிடியோசம் என்ற இனமோ நாற்றங்காலையே காலிசெய்யக்கூடியது.