கிராஞ்சிப் பக்கம் பாதை வகுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் நாட்டுப்புறம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வடமேற்கு மூலைதான். சுவா சூ காங்கிலோ உட்லண்ட்சிலோ ஒரு குடியிருப்பாளர் குழு ஞாயிற்றுக்கிழமை நடைக்கும் சைக்கிள் பயணத்துக்கும் திட்டமிட்டால், விரல் தானாகவே கிராஞ்சி, நியோ தியூ சாலை, லிம் சூ காங் பக்கம் போய் நிற்கும். நல்ல தேர்வுதான். ஆனால் வரைபடத்தில் கோடு இழுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் ஒரே பாதையைக் கொடுப்பது முதல் தவறு. சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குள் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. அதை நடுவில் வைத்துப் பாதை வகுத்தால் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். நகர்ப்பகுதியிலும் சட்டம் மாறியிருக்கிறது. சைக்கிள் பாதையை ஒட்டிச் செல்லும் நடைபாதைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே. மற்ற நடைபாதைகளில் ஓட்டலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பாதைகள் வகுத்து, சந்திக்கும் இடத்தை மட்டும் பொதுவாக வையுங்கள். நடப்பவர்களை முன்னதாகவே கிளப்பிவிடுங்கள்.

திரும்பி வருவதை மறப்பது அடுத்தது. உட்லண்ட்ஸில் தொடங்கி சுவா சூ காங்கில் முடித்துவிட்டு, எம்ஆர்டியில் வீடு திரும்பலாம் என்று யாராவது சொல்வார்கள். மடக்கும் சைக்கிளுக்கு மட்டுமே ரயிலில் இடம். அதுவும் மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். பிள்ளைகளின் சாதாரண சைக்கிள்களை என்ன செய்வது? புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப் பாதைதான் தொல்லை இல்லாதது.

கைப்பேசி வரைபடம் காட்டும் காட்டுத் தடங்களை நம்பவே நம்பாதீர்கள். லிம் சூ காங்கை ஒட்டிய மேற்கு நீர்ப்பிடிப்பு வனத்தில் ஆயுதப் படையின் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிப் பகுதி இருக்கிறது. இத்தகைய தடைப் பகுதிகளின் ஓரத்தில், துப்பாக்கி நீட்டும் வீரனும் கைதூக்கி நிற்கும் ஆளும் வரைந்த சிவப்புப் பலகை நிற்கும். எச்சரிக்கை தமிழிலும் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

சாலையில் இறங்குவதென்றால் தலைக்கவசம் கட்டாயம். ஒற்றைத் தடச் சாலையில் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும், குழுவுக்கு ஐந்து பேர்தான். குழுக்களுக்கு நடுவே சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், விடச் சொல்கிறார்கள். முப்பது பேர் வந்தால் ஆறு குழு, ஆறு தலைவர்கள். இதைக் காலையில் கூடிய இடத்தில் யோசிக்கக்கூடாது. முதல் நாளே பெயர்ப்பட்டியல் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் தெரிந்த முகத்தின் பின்னாலேயே போவார்கள், பின்னால் வரும் லாரிக்காரர் பொறுமை இழப்பார்.

பண்ணைகளில் சாப்பிடலாம், தண்ணீர் நிரப்பலாம் என்று பழைய கட்டுரைகள் சொல்லும். குத்தகை முடிந்து மூடப்பட்ட பண்ணைகள் பல, எனவே தொலைபேசியில் கேட்டுவிட்டே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிற்பகல் இடிமழைக்குப் பயந்து விடியற்காலையில் புறப்பட்டாலும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று என்னும் திடீர்ப் பலத்த காற்றும் மழையும் அந்த நேரத்திலேயே வந்து நனைத்துவிடலாம். வழியில் ஒதுங்கக் கூரை எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னோட்டம் பார்க்கப் போகிறவர்கள் அதே கிழமையில், அதே நேரத்தில் போகவேண்டும். வேலை நாள் மாலையில் பார்த்த சாலையும் ஞாயிறு காலைச் சாலையும் வேறு வேறு. இன்னொன்று: சுங்கை காடுட் பக்கத் தங்கும் விடுதிகளிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகும் தமிழ் ஊழியர்கள் இருக்கிறார்கள். எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த நுழைவாயிலில் லாரி பார்க்காமல் திரும்பும் என்று அந்தத் தம்பிகளிடம் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.