இலங்கையில அம்மா அப்பாவோட கண்டி பக்கம் கோச்சில (ரயில்ல) போறீங்கன்னா எல்ல ஊர்ல ஏறாதீங்க, பதுளைக்கே போய் ஏறுங்க

எல்லயில தங்கியிருந்தாலும் காலையில பஸ்ஸ புடிச்சு பதுளைக்கு போயிருங்க, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான், அங்க மூணாங் கிளாஸ் டிக்கட் எடுத்து ஏறுனா ஜன்னலோரமே சீட் கிடைக்கும். கோச்சி பதுளையிலதான் கிளம்புது, அதனால பெட்டி காலியா இருக்கும், எல்ல ஸ்டேஷனுக்கு வரும்போது டூரிஸ்ட் கூட்டம் ஏறி வாசல் வரைக்கும் நெரிசலாயிரும், முட்டி வலியோட இருக்கவங்களால நானுஓயா வரைக்கும் நின்னுக்கிட்டு போக முடியவே முடியாது. அரை மணித்தியாலம் முன்னுக்கே பிளாட்ஃபாரத்துல நில்லுங்க, அம்மாக்கு ஸ்வெட்டர கையிலயே வச்சிருங்க, வழியில பட்டிப்பொல ஸ்டேஷன் கிட்ட 1,890 மீட்டர் உயரம், நல்லா குளிரும்.

ரிசர்வ் டிக்கட் இருந்தா இது தேவையில்ல, சீட் நம்பர் உங்களுக்குத்தான். தீபாவளி, சித்திரை வருஷம், லோங் வீக்கென்ட்ல பதுளையிலயே நெரிசல்தான், அப்ப இது சரிவராது. மழ காலத்துல மண்சரிவுன்னா பாதையவே மூடிருவாங்க, அதனால பஸ் ஏற முந்தி எல்ல ஸ்டேஷன்லயே கோச்சி ஓடுதான்னு ஒருக்கா கேட்டுக்கோங்க.